'முட்டி வரைக்கும் தண்ணி'... இதை மேப்பில் போட முடியுமா? தார் எஸ் சலாம் மக்கள் வரைந்த வெள்ள வரைபடத்தின் கதை

அடுத்த மூன்று நாட்களுக்குக் கனமழை என்று அறிவிப்பு வருகிறது. போனைத் திறந்தால் மாவட்டம் முழுக்க ஆரஞ்சு நிறம். சரி, ஆனால் நமக்குத் தெரிய வேண்டியது அது இல்லையே? பைக்கை எங்கே நிறுத்துவது, ரெண்டாவது குறுக்குத் தெருவில் தண்ணீர் நிற்குமா, தரைத்தளத்தில் தனியாக இருக்கும் அம்மாவை இன்றைக்கே அழைத்து வந்துவிடணுமா? எந்த ஆப்பைக் கேட்டாலும் இதற்குப் பதில் கிடைக்காது.

ஆனால் பதில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தெருமுனை டீக்கடைக்காரர், இஸ்திரி வண்டிக்காரர், முப்பது வருஷமாக அதே வீட்டில் இருக்கும் பாட்டி. "பிள்ளையார் கோயில் படி வரைக்கும் வரும் தம்பி, அதுக்கு மேல ஏறாது" என்று அசால்ட்டாகச் சொல்வார்கள்.

அந்த ஒரு வரியில் இடம் இருக்கிறது, உயரம் இருக்கிறது, பல வருட அனுபவமும் இருக்கிறது. ஒரு ஆய்வாளருக்கு அது டேட்டா. அதைக் கேட்டு, சரிபார்த்து, எல்லோரும் பார்க்கும்படி வரைபடத்தில் ஏற்றுவதைத்தான் 'பங்கேற்பு வரைபடம்' என்கிறார்கள். அந்த இடத்தில் வாழ்கிற மக்களே வரைய உதவும் மேப். வெள்ள அபாயம், நகரத் திட்டமிடல் இரண்டிலும் இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் முறை இது. இதைப் பெரிய அளவில் செய்து பார்த்த நகரங்களில் முக்கியமானது கிழக்கு ஆப்பிரிக்காவில், தான்சானியா நாட்டில் இருக்கிற தார் எஸ் சலாம்.

சாட்டிலைட்தான் இருக்கிறதே, மக்களைக் கேட்பானேன்?

நியாயமான கேள்வி. வெள்ளம் எங்கே வரும் என்று கணிக்க முதலில் தேவைப்படுவது, நிலம் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்ற தகவல். உலகம் முழுவதற்கும் இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் மிகப் பிரபலமானது, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி ரேடார் மூலம் எடுத்தது. அதில் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர் அகலம். அதாவது உங்கள் வீடு, எதிர் வீடு, நடுவில் இருக்கும் சாலை, சாக்கடை எல்லாமே சேர்ந்து ஒரே ஒரு எண். அந்த எண்ணிலும் சில மீட்டர் பிழை இருக்கும். கட்டடம் நெருக்கமாக இருந்தால் ரேடார் தரையைப் பார்ப்பதில்லை, கூரையைத்தான் பார்க்கும்.

மலைப்பிரதேசத்தில் சில மீட்டர் முன்னே பின்னே இருந்தால் பெரிய விஷயமில்லை. சென்னை மாதிரி, தார் எஸ் சலாம் மாதிரி கடலோரச் சமவெளி நகரத்தில் அரை மீட்டர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கட்டிலுக்குக் கீழே தண்ணீரா, கட்டிலுக்கு மேலே தண்ணீரா என்பது அந்த அரை மீட்டர்.

சரி, வெள்ளம் வந்த அன்றைக்கே சாட்டிலைட் படம் எடுத்தால்? மழை நாளில் மேகம் மறைக்கும். மேகத்தை ஊடுருவும் ரேடார் சாட்டிலைட்டுகளும் உண்டு. ஆனால் அவை நம் தலைக்கு மேலே வருவது சில நாட்களுக்கு ஒருமுறைதான். நகரத்து வெள்ளமோ பல இடங்களில் சில மணி நேரத்தில் வந்து வடிந்துவிடுகிறது. குறுகலான சந்துகளில் நிற்கும் தண்ணீரைக் கட்டடங்களுக்கு நடுவே பிரித்துப் பார்ப்பதும் ரேடாருக்குக் கஷ்டம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் சாக்கடை. தெருவோர மழைநீர்க் கால்வாய் எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த இடத்தில் பிளாஸ்டிக் அடைத்திருக்கிறது என்பதெல்லாம் மேலிருந்து தெரியவே தெரியாது. குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

'பாலைவனத்தில்' வரும் வெள்ளம்

தார் எஸ் சலாமின் மக்கள்தொகை 2012 கணக்கெடுப்பில் சுமார் 44 லட்சம். 2022இல் சுமார் 54 லட்சம். ஆப்பிரிக்காவில் வேகமாக வளரும் நகரங்களில் ஒன்று. மக்களில் பெரும்பான்மையினர் எந்த லேஅவுட்டும் அப்ரூவலும் இல்லாமல் தானாக உருவான குடியிருப்புகளில்தான் வாழ்கிறார்கள்.

நகரத்தின் நடுவே ஓடும் ஆறு எம்சிம்பாசி. புகு குன்றுகளில் தொடங்கி, ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இந்தியப் பெருங்கடலில் கலக்கிறது. அதன் கீழ்ப்பகுதியில் ஜங்வானி என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. சுவாஹிலி மொழியில் ஜங்வானி என்றால் 'பாலைவனத்தில்' என்று அர்த்தம். நகரத்திலேயே அதிகம் வெள்ளம் வரும் இடத்துக்கு இந்தப் பெயர். நகரின் புதிய அதிவேகப் பேருந்து சேவை 2016இல் தொடங்கியபோது அதன் டிப்போவையும் இந்தப் பள்ளத்திலேயே கட்டினார்கள். பெருமழைக்கு டிப்போ மூழ்குவதும் சேவை நிற்பதும் அங்கே அடிக்கடி வரும் செய்தி. ஏரிக்குள் பஸ் ஸ்டாண்ட் கட்டிப் பழகிய நமக்கு இது ஒன்றும் புதிதாகத் தெரியாது.

2011 டிசம்பரில் பெய்த பேய்மழையில் அந்த நகரில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது மீட்புப் பணிக்குப் போனவர்களுக்கு ஒரு அடிப்படைச் சிக்கல். பாதி நகரத்துக்கு மேப்பே கிடையாது. தெருப் பெயர் இல்லை, கதவு எண் இல்லை. 'எங்கே இருக்கிறீர்கள்?' என்ற கேள்விக்கு முகவரியாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

ரமானி ஹுரியா: நம்ம ஊர் ரமணி இல்லை!

2011இலேயே தண்டாலே என்ற குடியிருப்பில், பல்கலைக்கழக மாணவர்களும் அங்கே வசிப்பவர்களும் சேர்ந்து சிறிய அளவில் ஒரு வரைபடம் செய்து பார்த்திருந்தார்கள். அது வேலைக்கு ஆனது. 2015இல் அதை நகர அளவுக்கு விரித்தார்கள். திட்டத்தின் பெயர் ரமானி ஹுரியா. சுவாஹிலியில் ரமானி என்றால் வரைபடம், ஹுரியா என்றால் கட்டற்றது, எல்லோருக்கும் திறந்தது. உலக வங்கி, செஞ்சிலுவைச் சங்கம், தான்சானியாவின் அறிவியல் தொழில்நுட்ப ஆணையம், அர்தி பல்கலைக்கழகம், தார் எஸ் சலாம் பல்கலைக்கழகம், மனிதநேயப் பணிகளுக்கான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் குழு என்று பல கைகள் இதில் சேர்ந்தன.

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: வரைபடங்களின் விக்கிபீடியா. யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், திருத்தலாம், எடுத்துப் பயன்படுத்தலாம். 2004இல் பிரிட்டனில் தொடங்கியது.

வேலை எப்படி நடந்தது என்பதுதான் சுவாரஸ்யம். முதலில் ட்ரோன் பறக்கவிட்டு மேலிருந்து தெளிவான படங்கள் எடுத்தார்கள். அந்தப் படத்தை வைத்துக் கட்டடங்களின் ஓரங்களைக் கம்ப்யூட்டரில் கோடு போட்டு வரைந்தார்கள். இந்த வேலையை எந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டும் செய்யலாம். பிறகு அந்த வரைபடத்தைக் காகிதத்தில் அச்சிட்டுக்கொண்டு தெருவுக்குப் போனார்கள். போனவர்கள் பெரும்பாலும் பயிற்சிக்கு வந்த கல்லூரி மாணவர்கள், நூற்றுக்கணக்கில். ஆனால் மாணவர்கள் மட்டும் போகவில்லை, கூடவே அந்தந்தப் பகுதியைச் சேர்ந்தவர்களும் நடந்தார்கள்.

"இது கடையா, வீடா?" "இந்தச் சந்து அந்தப் பக்கம் போகுமா, முட்டுச்சந்தா?" "இந்தக் கால்வாய் எங்கே போய்ச் சேருது?" கேட்டுக் கேட்டு காகிதத்தில் குறிப்பு, போனில் ஜி.பி.எஸ். புள்ளி. சாக்கடைகளின் அகலத்தையும் ஆழத்தையும் டேப் வைத்து அளந்தார்கள். மண் கால்வாயா, கான்கிரீட்டா, மூடியிருக்கா, குப்பை அடைத்திருக்கா என்பதெல்லாம் போனில் இருக்கும் படிவத்தில் ஏறியது. மாலையில் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போகும். அச்சிட்ட மேப்பைப் பகுதித் தலைவர்களிடம் காட்டித் தப்பு இருந்தால் திருத்துவார்கள்.

கணுக்கால், முழங்கால், இடுப்பு

வெள்ளத்தின் ஆழத்தை எப்படிப் பதிவு செய்வது? 'போன தடவை எத்தனை சென்டிமீட்டர் தண்ணீர் வந்தது?' என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. உங்களைக் கேட்டாலும் தெரியாது, என்னைக் கேட்டாலும் தெரியாது. ஆனால் 'எதுவரைக்கும் வந்தது?' என்று கேட்டால் உலகத்தில் எல்லோரும் உடம்பைத் தொட்டுக் காட்டுவார்கள்.

தார் எஸ் சலாமில் பழைய வெள்ளங்களைப் பற்றிக் கேட்கும்போது இதையே அளவுகோலாக வைத்தார்கள். கணுக்கால், முழங்கால், இடுப்பு, அதற்கும் மேலே மார்பு. 'முட்டி வரைக்கும் தண்ணி' என்று நாம் சொல்வதேதான். ஒருவர் உயரம், இன்னொருவர் குட்டை என்பதால் சில சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். வரட்டுமே! சாட்டிலைட்டில் மீட்டர் கணக்கில் பிழை இருக்கும்போது, ஒரு மனிதரின் முழங்கால் எவ்வளவோ துல்லியம். சுவரில் சேற்றுக் கோடு இருந்தால் இன்னும் நல்லது, நேராக டேப் வைத்து அளந்துவிடலாம்.

இந்த முறையில் நுணுக்கம் எங்கே இருக்கிறது என்றால், யாரைக் கேட்கிறோம் என்பதில். ஆண்களைக் கேட்டால் மெயின் ரோடு, பஸ் ஸ்டாப், கடைத்தெரு என்று சொல்வார்கள். வீட்டில் இருக்கும் பெண்களைக் கேட்டால் குழாயடி, கழிப்பறை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் குறுக்குவழி என்று வேறொரு மேப் வரும். பங்கேற்பு வரைபட ஆய்வுகளில் பல பத்தாண்டுகளாகப் பதிவாகும் விஷயம் இது. சொல்லப்போனால் இந்த ஐடியாவில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் ராபர்ட் சேம்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரும் இந்தியத் தொண்டு நிறுவனங்களும் நம் கிராமங்களில் இதைப் பரவலாகச் செய்தார்கள். மக்கள் தரையில் கோலப்பொடியும் கல்லும் இலையும் வைத்துத் தங்கள் ஊரை வரைந்து காட்டினார்கள். ட்ரோனுக்கு முன்னால் கோலப்பொடி.

சொல்வதை எல்லாம் அப்படியே நம்பிவிடலாமா? முடியாது. நிவாரணம் கிடைக்கும் என்று தெரிந்தால் முழங்கால் இடுப்பாகிவிடும். மனை விலை இறங்கும் என்று தெரிந்தால் இடுப்பு கணுக்காலாகிவிடும். 'எங்க ஏரியாவுல தண்ணியே நிக்காது சார்' என்று நம்ம ஊர் புரோக்கர் ஒருவர் உங்களிடமும் சொல்லியிருப்பார். அதனால்தான் ஒரே இடத்தைப் பற்றிப் பலரிடம் தனித்தனியாகக் கேட்கிறார்கள், நில உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் 'முழங்கால்' என்று சொல்ல, நடுவில் இருக்கும் ஒருவர் மட்டும் 'மார்பு' என்றால் மறுபடி போய்ப் பார்ப்பார்கள்.

பத்து வீட்டுத் தலைவர்கள்

தான்சானியாவில் ஒரு பழக்கம் உண்டு. 1960களில் ஆளுங்கட்சி தொடங்கிய அமைப்பு இது. பத்து வீட்டுக்கு ஒரு தலைவர். அந்தச் சின்ன வட்டத்துக்குப் பெயர் 'ஷினா', அடிமரம் என்று பொருள். இப்போது ஒரு ஷினாவில் பத்து வீட்டைவிட எவ்வளவோ அதிகம் இருக்கும். கட்சி அமைப்பு என்பதால் அரசாங்க மேப்பில் ஷினா எல்லைகள் கிடையாது. ஆனால் நடைமுறையில் முகவரி அதுதான். 'இன்னார் ஷினாவில் இருக்கிறேன்' என்றால் அந்தப் பகுதியில் எல்லோருக்கும் புரியும்.

ரமானி ஹுரியா குழு இந்தத் தலைவர்களோடு சேர்ந்து நடந்து, எந்த மரத்தில் தொடங்கி எந்தச் சுவரில் உங்கள் எல்லை முடிகிறது என்று கேட்டு ஷினா எல்லைகளை வரைபடமாக்கியது. பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் 2015 ஆகஸ்டில் அந்த நகரில் காலரா பரவியதை இதோடு சேர்த்துப் பாருங்கள். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்து தன் பகுதிப் பெயரை மட்டும் சொல்கிறார். ஒரு பகுதி என்றால் பல ஆயிரம் பேர். எந்தக் குழாய், எந்தக் கிணறு என்று எப்படித் தேடுவது? ஷினா பெயர் மேப்பில் இருந்தால் தேடல் ஒரு சந்துக்குள் சுருங்கிவிடும். வெள்ளத்துக்குப் போட்ட கோடு நோய்க்கும் உதவும்.

வெள்ளப் பகுதி, கட்டடம் இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால், இந்த அளவு வெள்ளம் வந்தால் எத்தனை வீடு, எத்தனை பள்ளி பாதிக்கும் என்று மென்பொருள் எண்ணிச் சொல்லிவிடும். இன்னாசேஃப் என்ற அந்த இலவச மென்பொருள் இந்தோனேசியாவில் உருவானது. ஜகார்த்தாவில் ஏற்கெனவே இதே மாதிரி ஒரு முயற்சி நடந்திருந்தது. அந்த நகரின் 267 வார்டு அளவிலான நிர்வாகப் பகுதிகளின் பொறுப்பாளர்களை அழைத்து, பல்கலைக்கழக மாணவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் எல்லைகளையும் முக்கியக் கட்டடங்களையும் வரைந்தார்கள்.

அதே கோடு, இன்னொரு பயன்

இதுவரை கேட்டால் எல்லாம் நல்லதாகத்தான் இருக்கிறது. இனிதான் சிக்கலான பகுதி.

2011 வெள்ளத்துக்குப் பிறகு எம்சிம்பாசிப் பள்ளத்தாக்கில் இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, ஊருக்கு வெளியே வெகு தூரத்தில் மப்வேபாண்டே என்ற இடத்தில் மனை கொடுத்தார்கள். வேலை நகரத்தின் நடுவில், வீடு நகரத்துக்கு வெளியே. பலர் திரும்பி வந்துவிட்டார்கள். 2015 டிசம்பரில், அதாவது ரமானி ஹுரியா தொடங்கிய அதே வருடம், பள்ளத்தாக்கில் வீடுகளின் சுவரில் சிவப்புப் பெயின்டில் பெரிய பெருக்கல் குறி விழுந்தது. பின்னாலேயே புல்டோசர் வந்தது. மழைக்காலம் வருகிறது, உயிருக்கு ஆபத்து, ஆற்றங்கரை ஆக்கிரமிப்பு என்பவை அரசு சொன்ன காரணங்கள். மக்கள் நீதிமன்றம் போனார்கள்.

மாணவர்கள் வரைந்த மேப்பை வைத்துத்தான் இடித்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்தச் சிவப்புக் குறியும் ஒருவகை வெள்ள மேப்தான். 'இங்கே தண்ணீர் வரும்' என்று ஒரு குடும்பம் நம்பிச் சொல்லும் தகவலை வைத்து அங்கே கால்வாய் தூர்வாரலாம். அதே தகவலை வைத்து 'இது வாழத் தகுதியில்லாத இடம், காலி பண்ணு' என்றும் சொல்லலாம். கோடு ஒன்றுதான். அது யார் கையில் இருக்கிறது, வரைந்தவர்களுக்கு அடுத்த முடிவில் இடம் இருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம். பங்கேற்பு என்பது தகவல் கொடுப்பதோடு முடிந்துவிட்டால், அது மக்களிடம் இலவசமாக சர்வே வேலை வாங்கியதற்குச் சமம். இது என் கருத்து. ஆனால் இந்தத் துறையில் இருப்பவர்களே பல காலமாக எழுப்பும் கேள்வியும்கூட.

எம்சிம்பாசியில் அடுத்து நடந்தது கொஞ்சம் வேறு மாதிரி. 2018இல் அரசுத் துறைகள், பொறியாளர்கள், பல்கலைக்கழகங்கள், பகுதி மக்கள் என்று பலரையும் உட்காரவைத்துப் பல மாதங்கள் பேசி, கீழ்ப் பள்ளத்தாக்குக்கு ஒரு திட்டம் போட்டார்கள். ஆற்றுக்கு இடம் விடுவது, நடுவில் பெரிய பூங்கா, மண்ணை எடுத்து ஓரங்களை மேடாக்குவது, ஜங்வானிப் பாலத்தை உயர்த்துவது. இதற்கு உலக வங்கி 2022இல் 20 கோடி டாலர் கடன் ஒப்புதல் தந்தது. இந்த முறை வெளியேறும் குடும்பங்களுக்கு இழப்பீடு உண்டு. தொகை போதாது என்று மக்கள் முறையிட்டதும் செய்திகளில் வந்தது. பூங்கா வந்தபிறகு அந்த மேட்டு ஓரங்களில் யார் குடியிருப்பார்கள் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

சென்னையில் இதை யாரும் செய்யவில்லையா?

செய்தார்கள். அதுவும் அவசரத்தில்.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. அடையாறு கரை தாண்டியது. அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் சுற்றியதை நினைவிருக்கலாம். வரைபட வடிவமைப்பாளர் அருண் கணேஷும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தன்னார்வலர்களும் சேர்ந்து போட்ட சென்னை மேப். உங்கள் தெருவில் தண்ணீர் நின்றால் அந்தத் தெருவை க்ளிக் செய்ய வேண்டும், அது நிறம் மாறிவிடும். அவ்வளவுதான். சில நாட்களில் ஆயிரக்கணக்கான தெருக்கள் நிறம் மாறின.

கிட்டத்தட்ட அதே பருவத்தில் ஜகார்த்தாவில் வேறொரு வழியில் போய்ப் பார்த்தார்கள். அங்கே யாராவது ட்விட்டரில் வெள்ளத்தைக் குறிக்கும் 'பஞ்சிர்' என்ற சொல்லைப் போட்டால், பெட்டா ஜகார்த்தா என்ற கணக்கில் இருந்து தானாக ஒரு பதில் வரும். 'வெள்ளத்தைப் பார்க்கிறீர்களா? லொகேஷனை ஆன் செய்து சொல்லுங்கள்' என்று. சொன்னால் மேப்பில் புள்ளி விழும். இந்த முறையின் தொடர்ச்சியாக, அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்குழு 2017இல் ரிஸ்க்மேப் என்ற பெயரில் சென்னையிலும் ஒன்றைக் கொண்டுவந்தது.

இந்த அவசரகால மேப்புகளுக்கும் தார் எஸ் சலாமில் மழை இல்லாத நாளில் பொறுமையாக நடந்து வரைந்ததற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. க்ளிக் செய்யச் சார்ஜ் வேண்டும், டவர் வேண்டும், ஸ்மார்ட்போன் வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர் க்ளிக் செய்யமாட்டார். அதனால் இத்தகைய மேப்பில் நிறமே இல்லாத தெருவுக்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். ஒன்று, அங்கே தண்ணீர் இல்லை. இல்லையென்றால், அங்கேதான் நிலைமை மிக மோசம். வெறும் மேப்பைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

மேப்பில் இல்லாமல் போவதன் விலை சென்னைக்கு வேறு விதத்திலும் தெரியும். தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டம் 1971இல் வந்தது. அந்த வருடம் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டன. 1985இல் இன்னும் 17 சேர்ந்தன. அதன் பிறகு பல ஆண்டுகளுக்குப் பட்டியல் நகரவே இல்லை, நகரம் மட்டும் வளர்ந்தது. பட்டியலில் இல்லாத குடியிருப்புக்குச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை, குடிநீரும் கழிப்பறையும் கேட்டுப் பெறும் வலுவும் இல்லை. ட்ரான்ஸ்பரன்ட் சென்னை என்ற ஆய்வுக்குழு 2010களின் தொடக்கத்தில் இப்படிப்பட்ட பகுதிகளையும் நகரின் பொதுக் கழிப்பறைகளையும் மக்களோடு சேர்ந்து மேப்பில் கொண்டுவந்தது. அதைத் தொடங்கிய நித்யா ராமன் பிறகு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் மாநகராட்சி உறுப்பினர் ஆனது தனிக்கதை.

2015க்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. வெள்ளத்தில் இருந்து பாதுகாப்பு என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பெரும்பாக்கம் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி. அங்கேயும் மழைக்குத் தண்ணீர் நிற்கிறது. இடம் மாற்றும் முன்பு அந்தப் பகுதியில் ஏற்கெனவே குடியிருந்தவர்களிடம் 'இங்கே எதுவரைக்கும் வரும்?' என்று கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். மப்வேபாண்டே கதையைப் படித்துவிட்டு 'இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே' என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால் காரணம் இதுதான்.

சரி, நான் என்ன செய்யலாம்?

சென்னைப் பெருநகரின் மூன்றாவது மாஸ்டர் பிளான் 2026 முதல் 2046 வரையிலான காலத்துக்கானது. உங்கள் ஏரியா குடியிருப்பா, வணிகமா, நீர்நிலையா என்று அதில் விழும் நிறம் இருபது வருடம் பேசும். அதற்கு மக்களின் கருத்து கேட்கப்படும் கட்டங்களில் 'எங்கள் தெருவில் தண்ணி நிக்குது' என்று பொதுவாகச் சொல்வதைவிட, தேதியும் ஆழமும் இடமும் போட்டு ஒரு மேப்பாகக் கொடுத்தால் அதைத் தட்டிக்கழிப்பது கஷ்டம். மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபை நடத்த 2022இல் தமிழ்நாடு அரசு விதிகள் கொண்டுவந்திருக்கிறது. அந்தச் சபையிலும் இது எடுபடும்.

உங்கள் தெருவின் கால்வாய்கள், அவை போய்ச் சேரும் இடம், சிறு பாலங்கள் போன்ற நிரந்தர விஷயங்களை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் சேர்க்கலாம். கணக்கு தொடங்க ஓர் இ-மெயில் போதும், கட்டணம் கிடையாது. வெள்ளத்தின் ஆழத்தை அதில் போடுவதைவிடத் தனியாக எழுதிவைப்பது நல்லது: எத்தனை மணிக்கு ஏறியது, எந்தப் பக்கமிருந்து வந்தது, எதுவரைக்கும், எப்போது வடிந்தது. அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம், அதில் பாதியாவது பெண்களிடம், கேட்டு எழுதுங்கள். தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவர்களை விட்டுவிடாதீர்கள். அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும், அசோசியேஷன் மீட்டிங்கில் அவர்கள்தான் பெரும்பாலும் இருக்கமாட்டார்கள்.

யாராவது மாணவர்களோ நிறுவனமோ சர்வே என்று உங்கள் தெருவுக்கு வந்தால், பதில் சொல்லும் முன் ஒன்று கேளுங்கள். முடிந்த மேப்பை எங்களுக்குக் காட்டுவீர்களா, அது வேறு யாரிடம் போகும்? ஆற்றங்கரையிலோ ஏரிக்கரையிலோ பட்டா இல்லாமல் இருப்பவர்களின் வீட்டைக் குறிக்கும்போது இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். அவர்களைக் கேட்காமல் அவர்கள் வீட்டில் புள்ளி வைக்காதீர்கள்.

மழை நின்ற மறுநாள் காலையிலேயே வெளியே போய், சுவரில் இருக்கும் சேற்றுக் கோட்டை அளந்துவிடுங்கள். பொங்கலுக்கு வெள்ளையடித்துவிட்டால் கோடு போய்விடும்.